தின்ஷவாய் யாத்திரை

கண்டி நகருக்குப் போகிறவர்கள் முதலில் தலதா மாளிகையைத் தரிசிப்பார்கள். பிறகு ஏரிக்கரையில் உலாவுவார்கள். பொழுது மிச்சமிருந்தால் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போய் வருவார்கள். நாமும் அந்த வழக்கப்படியே இரண்டு நாட்களைக் கழித்தோம். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. "வெளியே சுற்ற இன்று வழியில்லை. ஒரு வீட்டுக்குள்ளே போய்ப் பார்ப்போம், வாருங்கள்" என்று கண்டி நண்பர் நம்மை அழைத்துச் சென்றார்.

அவர் காட்டிய வீடு ஹல்லொலுவ வீதியில் இருக்கிறது. எகிப்து தேசத்தின் அராபி பாஷா, தமது சொந்த நாட்டிலிருந்து கடத்தப்பட்டு வந்து வசித்த வீடு அது. இப்போது அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

எகிப்தியத் தளபதிக்கும் கண்டி மலைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். பிரிட்டிஷார் 1882-ம் வருஷத்தில் எகிப்தைப் பிடித்தபோது, தங்களை எதிர்த்து நின்ற தளபதிக்கு முதலில் மரண தண்டனை விதிக்கச் செய்து, பிறகு அதை நாடு கடத்தலாக மாற்றினார்கள். 1883-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அவரும் சகாக்கள் அறுவரும் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1901-ல் தாய்நாடு திரும்பும் வரையில், பதினெட்டு வருஷ காலம், அராபி பாஷாவுக்கு இலங்கையே சிறையாகவும் வீடாகவும் இருந்தது.

சிறை என்று சொன்னாலும் அவர் வீணாக உட்கார்ந்திருக்கவில்லை. கொழும்பில் 1892-ல் ஆரம்பமான ஸாஹிராக் கல்லூரிக்கு அவரது ஆதரவு இருந்தது. அந்த முயற்சியில் முன்னின்றவர் கண்டி வழக்கறிஞர் சித்திலெப்பை. அவர் நடத்திய "முஸ்லிம் நேசன்" என்னும் தமிழ்ப் பத்திரிகை எகிப்தின் செய்திகளை இலங்கைத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டு வந்தது. 1885-ல் அவர் எழுதி வெளியிட்ட "அஸன்பேயுடைய கதை" தமிழின் மிகப் பழைய நாவல்களில் ஒன்று. அதன் கதாநாயகன் எகிப்தில் பிறந்தவன். ஆகவே நைல் நதிக்கரையின் துக்கம் நம் பாஷைக்குப் புதிதல்ல.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தபடி நண்பர் ஒரு கேள்வி கேட்டார்.

"மேனாட்டார் மீது கீழ்நாட்டாருக்கு ஏன் இத்தனை கசப்பு? அந்தக் கசப்பு சில சமயம் கத்தியாகவும் வெடிகுண்டாகவும் மாறுகிறதே, அது எப்படி? 'மதவெறி' என்று சிலர் சொல்கிறார்கள். 'முன்னேறியவனைக் கண்டு பொறாமை' என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நமக்கு உடனே பதில் தோன்றவில்லை. மதமே காரணம் என்றால், அதே மதமும் அதே மேனாட்டாரும் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்து இருந்தும் கசப்பு ஏன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பொங்கியது? பொறாமையே காரணம் என்றால், கசந்து போனவர்கள் தங்கள் பிள்ளைகளை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பியது ஏன்? இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் எகிப்துக்குப் புறப்பட்டோம்.

அலெக்ஸாந்திரியா சதுக்கம்

கெய்ரோவில் இறங்கியதும் ரயிலேறி அலெக்ஸாந்திரியாவுக்குப் போனோம். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே நடந்தால் மன்ஷியா என்ற சதுக்கம் வருகிறது. பழைய நாட்களில் ஐரோப்பியக் கான்ஸல்களின் மாளிகைகள் சூழ்ந்திருந்த இடம். இன்று கடைகளும் வண்டிகளும் கூச்சலும் நிறைந்து நம் ஊர்க் கடைத்தெருவைப் போலவே இருக்கிறது.

அங்கே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து எகிப்தின் கடன் கதையை நினைத்துப் பார்த்தோம். கெதிவ் இஸ்மாயில் 1863-ல் பட்டத்துக்கு வந்தார். ரயில், தந்தி, கால்வாய், நாடகசாலை எல்லாம் ஐரோப்பாவைப் போலத் தம் நாட்டிலும் வர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை பெரிது, வருமானம் சிறிது, கடன் கொடுக்க ஐரோப்பிய வங்கிகள் தயார். 1869-ல் ஸூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875-ல் கால்வாய்க் கம்பெனியில் தமக்கிருந்த பங்குகளை ஏறக்குறைய 40 லட்சம் பவுனுக்கு அவர் பிரிட்டிஷ் சர்க்காருக்கு விற்றார். 1876-ல் கடன் சுமார் 9 கோடி பவுன். 1880-ல் கால்வாய் லாபத்தில் எகிப்துக்கென்று இருந்த நூற்றுக்குப் பதினைந்து பங்கும் கைமாறிவிட்டது. எகிப்தியர் வெட்டிய கால்வாய் எகிப்தின் நடுவே ஓடிற்று. பணம் மட்டும் வேறெங்கோ ஓடிற்று.

கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். வாஸ்தவம். கடன் கொடுத்தவர் வாசலில் நின்று பணத்தைக் கேட்டால் அது வியாபாரம். அவர் நேரே அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்து, "உன் குழந்தைக்கு இத்தனை பிடி சோறு போதும்" என்று அளந்து போட ஆரம்பித்தால் அதற்கு என்ன பெயர்? 1876-ல் கடன் கமிஷன் ஒன்று கெய்ரோவில் வந்து அமர்ந்தது. 1878-ல் ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் எகிப்திய மந்திரி சபையிலேயே இடம் பெற்றார்கள். 1879-ல் இரண்டாயிரத்துக்கும் அதிகமான ராணுவ உத்தியோகஸ்தர்கள் சிக்கனத்தின் பெயரால் பாதிச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தேச வருமானத்தில் சரிபாதிக்கு ஏறக்குறைய கடனுக்கே போயிற்று.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்திருந்தது. பழைய உடன்படிக்கைகளின்படி, எகிப்தில் வாழ்ந்த ஐரோப்பியர் ஒருவர் குற்றம் செய்தால் அவரை எகிப்தியக் கோர்ட்டு விசாரிக்க முடியாது. அவருடைய கான்ஸலின் கோர்ட்டுதான் விசாரிக்கும். ஒரே தெருவில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால், ஒருவனுக்கு ஒரு சட்டம், மற்றவனுக்கு வேறு சட்டம். இந்த ஏற்பாட்டை ஒழிக்க 1937-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. கலப்புக் கோர்ட்டுகள் 1949 வரையில் நீடித்தன.

இப்படிப்பட்ட சமயத்தில் எழுந்தவர்தான் அராபி பாஷா. கிராமத்து ஷேக் ஒருவரின் மகன். ராணுவத்தில் சேர்ந்து கர்னலானவர். 1881 செப்டம்பரில் அரண்மனை முன்னே பட்டாளத்தோடு வந்து நின்று, பிரதிநிதி சபை வேண்டுமென்று கேட்டார். எகிப்து எகிப்தியருக்கே என்பது அந்த இயக்கத்தின் கோஷம். ஐரோப்பியப் படிப்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஐரோப்பியர் தங்கள் நாடுகளில் அனுபவித்த பிரதிநிதி சபையையே கேட்டார்.

1882 மே மாதத்தில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க் கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவுக்கு வந்து நங்கூரம் பாய்ச்சின. ஊரில் பயமும் கோபமும் மூண்டன. ஜூன் 11-ந் தேதி மால்ட்டா தீவுக்காரர் ஒருவருக்கும் கழுதை ஓட்டும் எகிப்தியன் ஒருவனுக்கும் கூலி விஷயமாகத் தகராறு. அதிலிருந்து பிறந்த கலகத்தில் சுமார் ஐம்பது ஐரோப்பியரும் அதைவிட அதிகமான எகிப்தியரும் மாண்டார்கள். மாண்ட ஐரோப்பியரில் யாரும் கடன் பத்திரம் எழுதிய வங்கி முதலாளியல்லர். கடன் எழுதியவர்கள் லண்டனிலும் பாரிஸிலும் சௌக்கியமாக இருந்தார்கள். தெருவில் அகப்பட்டவர்கள் சாமான்ய ஜனங்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 11-ந் தேதி, பிரிட்டிஷ் கப்பல்கள் கோட்டைகளின் மீது நாள் முழுவதும் பீரங்கிப் பிரயோகம் செய்தன. தொடர்ந்து மூண்ட தீயில் நாம் காப்பி குடித்த சதுக்கமும் சாம்பலாயிற்று. அந்தத் தீயிலும் அகப்பட்டவர்கள் சாமான்ய ஜனங்களே.

புறாக்களின் கிராமம்

கெய்ரோவுக்குத் திரும்பும் வழியில் மனூபியா ஜில்லாவில் இறங்கி, ஷிபீன்-எல்-கோம் நகரத்திலிருந்து ஒரு மோட்டார் அமர்த்திக்கொண்டு தின்ஷவாய் கிராமத்துக்குப் போனோம். மோட்டார் ஓட்டிய இளைஞருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்ற வயல்கள். வாய்க்கால் கரையில் எருமைகள். தலையில் புல்லுக்கட்டுடன் பெண்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் போவதாகவே நமக்குத் தோன்றிற்று. வயல்களுக்கு நடுவே மண்ணால் கட்டிய உயரமான கூம்புகள் தென்பட்டபோதுதான் வேறு தேசம் என்ற நினைவு வந்தது. அவை புறாக் கூண்டுகள். நம் ஊரில் கோழி வளர்ப்பதைப் போல இந்த ஊர்க் குடியானவர்கள் புறா வளர்க்கிறார்கள். இறைச்சியும் ஆகிறது; எச்சம் வயலுக்கு உரமும் ஆகிறது.

1906-ம் வருஷம் ஜூன் 13-ந் தேதி, கெய்ரோவிலிருந்து அலெக்ஸாந்திரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த ஐந்து ஆபீசர்கள் இந்தக் கிராமத்துக்குப் புறா வேட்டைக்கு வந்தார்கள். காட்டுப் புறா அல்ல, வீட்டுப் புறா! முந்தைய வருஷமே இந்த வேட்டையினால் ஜனங்கள் மனம் கசந்திருந்தார்கள். அறுவடைக் காலம். களத்தில் கோதுமைக் கதிர் குவிந்து கிடந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்ட சற்று நேரத்தில் களம் தீப்பற்றி எரிந்தது. ஜனங்கள் ஓடிவந்து துப்பாக்கிகளைப் பிடுங்க முயன்றார்கள். குண்டு வெடித்து ஒரு பெண்மணி காயமுற்று விழுந்தாள். அவள் இறந்துவிட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். தடியடி நடந்தது. ஆபீசர்களில் ஒருவரான காப்டன் புல் தலையில் அடிபட்டு, உதவி கொண்டுவர முகாமை நோக்கிக் கடும் வெயிலில் ஓடி, வழியில் சுருண்டு விழுந்து இறந்தார். வெயில்தான் அவரைக் கொன்றது என்று வைத்தியர்களும் சொன்னார்கள். அவரருகே இருந்த ஒரு குடியானவனை, உதவி செய்ய வந்தவனோ என்னவோ, தேடி வந்த சிப்பாய்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். அதற்கு விசாரணையே கிடையாது.

காப்டனின் மரணத்துக்கு மட்டும் விசாரணை நடந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தினர் சம்பந்தப்பட்ட குற்றங்களுக்கென்று 1895-ல் ஏற்படுத்தியிருந்த விசேஷக் கோர்ட்டு அது. அதன் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஐம்பத்திரண்டு பேர் மீது குற்றச்சாட்டு. மூன்று நான்கு நாட்களில் விசாரணை முடிந்தது. நால்வருக்குத் தூக்கு, இருவருக்கு ஆயுள் தண்டனை, ஒருவருக்குப் பதினைந்து வருஷம், அறுவருக்கு ஏழு வருஷம், மூவருக்குச் சிறையும் ஐம்பது கசையடியும், ஐவருக்குக் கசையடி மட்டும். ஜூன் 28-ந் தேதி, சம்பவம் நடந்து பதினைந்தே நாளில், அந்தக் கிராமத்திலேயே தூக்குமரம் நட்டுத் தண்டனையை நிறைவேற்றினார்கள். ஒருவர் தூக்கில் தொங்கிக்கொண்டிருக்கையில் இருவருக்குக் கசையடி, பிறகு அடுத்தவர். பெண்டு பிள்ளைகள் கூரைகளின் மேல் நின்று பார்த்து அலறினார்கள்.

அந்த நாளின் ஞாபகமாகக் கிராமத்தில் ஓர் அருங்காட்சியகம் எழுப்பியிருக்கிறார்கள். ஜூன் 13-ஐ ஜில்லாவின் திருநாளாகவே கொண்டாடுகிறார்கள். நாம் போனபோது பெரியவர் ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து வந்து, எந்த தேசம் என்று கேட்டார். "ஹிந்த்" என்றார் மோட்டார் இளைஞர். பெரியவர் முகம் மலர்ந்தது.

"காந்தி பிறந்த தேசமா? உட்காருங்கள், உட்காருங்கள். உங்களையும் அவர்கள்தானே ஆண்டார்கள்? எங்கள் துக்கத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை" என்றார்.

பால் சேராத, சர்க்கரை மிகுந்த தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே, "இப்போதும் உங்களுக்கு வெள்ளைக்காரர் மேல் கோபம் உண்டா, ஐயா?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "என் பேரன் இத்தாலியில் வேலை செய்கிறான். கோபித்துக்கொண்டால் பணம் யார் அனுப்புவார்கள்?" என்றார். அப்புறம் அவர் குரல் மாறிற்று. "வேட்டைக்கு வந்தவர்கள் சுட்டார்கள். அது வாலிபப் புத்தி, திமிர். எங்கள் ஊர்ப் பையன்களும்தான் அடித்தார்கள். அதையெல்லாம் என் பாட்டனார் மறந்திருப்பார். நீதிபதிகள் மேடையில் உட்கார்ந்து, புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ததை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை."

கண்டியில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் நமக்கு அந்தத் திண்ணையில் கிடைத்தது. அடி வாங்கியவன் மறந்துவிடக்கூடும். அடித்தவன் கையிலேயே தராசும் இருந்து, அந்தத் தராசு தனக்கொரு நிறையும் பிறருக்கொரு நிறையும் காட்டினால், அதை மறப்பது கஷ்டம். நியாயம் என்ற சொல்லையே கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் இழைத்த கொடுமையைவிட, உலகத்துக்கு நியாயம் போதிக்க வந்தவர்கள் இழைத்த கொடுமை ஆழமாகப் புண்படுத்துகிறது. இதை எகிப்தியர் மட்டும் உணர்ந்தார்கள் என்றில்லை. அராபி பாஷாவுக்காக வக்கீல் வைத்துக் கைப்பணம் செலவழித்த வில்பிரட் பிளன்ட் ஓர் ஆங்கிலேயர். தின்ஷவாய்த் தீர்ப்பைத் தம் நாடக நூலின் முன்னுரையில் கிழித்தெறிந்த பெர்னார்ட் ஷா பிரிட்டிஷ் பிரஜை. எகிப்தை இருபத்து நான்கு வருஷம் ஆட்டிவைத்த குரோமர் பிரபு 1907-ல் பதவியை விட்டார். சிறையிலிருந்த தின்ஷவாய்வாசிகள் 1908-ல் விடுதலையானார்கள்.

தேநீருக்குப் பணம் எடுத்தோம். பெரியவர் கையைத் தடுத்துவிட்டார். "சகோதரர்களிடம் வாங்குவதுண்டா?" என்றார். நாமும் பெருமையோடு விடைபெற்றோம்.

கல்லறையும் கதைப்பாட்டும்

கேள்வியின் மறு பாதிக்குப் பதில் கெய்ரோவில் இருந்தது. அப்பாஸியாப் பேட்டையில் காப்டிக் கிறிஸ்தவர்களின் பெரிய தேவாலயத்தை ஒட்டி புத்ரோஸியா என்ற கோயில் இருக்கிறது. தின்ஷவாய் விசாரணையில் தலைமை வகித்தவர் துரை அல்ல, ஓர் எகிப்திய மந்திரி: புத்ரோஸ் காலி பாஷா. அவர் பிறகு பிரதம மந்திரியானார். 1910 பிப்ரவரியில் இப்ராஹிம் அல்-வர்தானி என்ற வாலிபன் அவரைச் சுட்டுக் கொன்றான். ஐரோப்பாவில் மருந்து சாஸ்திரம் படித்துவந்தவன் அவன். தின்ஷவாயும் அவன் சொன்ன காரணங்களில் ஒன்று. புத்ரோஸ் காலி இந்தக் கோயிலில் அடக்கமாகியிருக்கிறார்.

கோயிலுக்குள் நின்றபோது நமக்குச் சங்கடமாக இருந்தது. தின்ஷவாய்த் திண்ணையில் இருந்தபோது, வர்தானியின் கோபம் நம் கோபமாகவே இருந்தது. ஆனால் அந்தக் குண்டு என்ன செய்தது? அந்நியப் பட்டாளத்தில் ஒரு சிப்பாய்கூட அதனால் வெளியேறவில்லை. இறந்தவர் கிறிஸ்தவர், கொன்றவன் முஸ்லிம் என்று ஜனங்கள் பேசத் தலைப்பட்டார்கள். 1911-ல் காப்டிக் கிறிஸ்தவர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல அஸியூத் நகரில் தனி மகாநாடு கூட்டினார்கள். அதற்குப் பதிலாக மற்றொரு மகாநாடு கூடிற்று. 1919-ல் பிறையும் சிலுவையும் ஒரே கொடியில் பறக்க இருதரப்பாரும் சேர்ந்து போராடியபோதுதான் அந்தப் பிளவு ஓரளவு ஆறிற்று. இதே கோயிலில் 2016 டிசம்பரில் பிரார்த்தனை வேளையில் வெடிகுண்டு வெடித்து, பெண்களும் குழந்தைகளுமாக இருபத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். அதைச் செய்தவர்களுக்கும் தின்ஷவாய்க்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்தச் சுவர்களுக்குள் நிற்கிறவனுக்கு, ரத்தம் ஒரு முறை வழி கண்டுபிடித்துவிட்டால் அந்நியன் யார், சொந்தக்காரன் யார் என்று அது பார்ப்பதில்லை என்று தோன்றாமல் இராது.

இன்னொருவர் கதையும் நினைவுக்கு வந்தது. தின்ஷவாய்க்குச் சில மைல் தூரத்தில் மீத் அபுல்-கோம் என்ற கிராமம் இருக்கிறது. அந்த ஊர்ச் சிறுவன் ஒருவனுக்குப் பாட்டி தினம் இரவில் தின்ஷவாயில் தூக்கிலேறிய ஜஹ்ரான் என்ற வீரனின் கதைப்பாட்டைப் பாடித் தூங்கவைப்பாள். சிறுவன் வளர்ந்து ராணுவத்தில் சேர்ந்தான். 1946-ல் பிரிட்டிஷாருக்கு வேண்டியவரென்று பெயர் வாங்கிய அமீன் உஸ்மான் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் சிறையிலிருந்து, பிறகு விடுதலையானான். அவர்தான் ஜனாதிபதி அன்வர் சாதாத். 1977-ல் விரோதி நாட்டுக்கே சென்று சமாதானம் பேசினார். 1981 அக்டோபர் 6-ந் தேதி அணிவகுப்பு மேடையில் அவரைச் சுட்டுக் கொன்றவர்கள் எகிப்தியச் சிப்பாய்களே.

கால்வாய்க் கரையில்

ஸூயஸ் கால்வாய்க் கரையில் இஸ்மாயிலியா என்ற அழகிய நகரம் இருக்கிறது. நிழல் மரங்களும் பழைய பிரெஞ்சு வீடுகளும் நிறைந்த ஊர். 1952 ஜனவரி 25-ந் தேதி பிரிட்டிஷ் துருப்புகள் அங்கே போலீஸ் கட்டடத்தை டாங்கிகளுடன் சூழ்ந்துகொண்டு, ஆயுதங்களைக் கீழே போடச் சொன்னார்கள். போலீஸார் மறுத்தார்கள். வெறும் துப்பாக்கிகளுடன் போராடி ஐம்பது பேர் வரையில் மாண்டார்கள். மறு நாள் கெய்ரோ எரிந்தது. பழைய ஷெப்பர்டு ஹோட்டல், சினிமாக் கொட்டகைகள், வங்கிகள், கடைகள் என்று சுமார் 750 கட்டடங்கள் தீக்கிரையாயின. ஐரோப்பியர் சிலர் உயிரிழந்தனர். ஆனால் அந்தக் கடைகளில் வேலை பார்த்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான எகிப்தியக் குடும்பங்கள் மறு நாள் காலையில் வேலையற்று நின்றன. அதே வருஷம் ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1956 ஜூலை 26-ந் தேதி, நாம் முன்பு காப்பி குடித்த அலெக்ஸாந்திரியாச் சதுக்கத்தில் நின்றுதான் நாஸர் கால்வாயை தேசத்துக்குச் சொந்தமாக்கியதை அறிவித்தார். அவர் மீதே 1954-ல் துப்பாக்கிச் சூடு நடந்ததும் அதே சதுக்கத்தில்தான், சுட்டவன் எகிப்தியன். இஸ்மாயிலியாப் போலீஸார் உயிர் கொடுத்த ஜனவரி 25 போலீஸ் தினமாயிற்று. 2011-ல் சொந்தப் போலீஸின் கொடுமையை எதிர்த்து ஜனங்கள் கிளம்பியதும் அதே தேதியில்தான்.

கால்வாயைப் பார்த்துவிட்டுக் கெய்ரோவுக்குத் திரும்பும் வழியில் தெல்-எல்-கபீர் வருகிறது. நன்னீர்க் கால்வாய் ஒரு பக்கம். மணல் மேடுகள் மறு பக்கம். 1882 செப்டம்பர் 13-ந் தேதி விடியற்காலையில் அராபி பாஷாவின் படை இங்கேதான் தோற்றது. சண்டை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர் அறுபதுக்கும் குறைவு. எகிப்தியர் சுமார் இரண்டாயிரம் பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

மோட்டாரை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். நம்முடன் வந்த நண்பர் பெங்களூரில் வெகு காலம் இருந்தவர். அவர் மணல் மேட்டைப் பார்த்துக்கொண்டே, "தெல்-எல்-கபீர்... இந்தப் பெயரை நான் பெங்களூரில் பார்த்திருக்கிறேன்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "சென்னை சாப்பர்ஸ் பட்டாளத்தின் வெற்றிப் பட்டியலில்!" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம், அந்தப் போரில் இந்தியாவிலிருந்து ஒரு படை வந்து கால்வாயின் தென்கரையோரம் முன்னேறிற்று. வங்காளக் குதிரைப் படை, பஞ்சாபியர், பலூச்சியரோடு, சென்னை ராஜதானியிலிருந்து பாதை போடவும் பாலம் கட்டவும் வந்த தமிழரும் தெலுங்கரும் அதில் இருந்தார்கள். செலவில் ஒரு பகுதியும் இந்திய ஜனங்களின் வரிப்பணம். அராபி பாஷாவைக் கண்டிக்கு அனுப்பிய கைகளில் நம் ஊர்க் கைகளும் சில உண்டு! தின்ஷவாய்த் திண்ணையில் "நீங்களும் எங்களைப் போலப் பட்டவர்கள்" என்று பெரியவர் சொன்னபோது, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், தேநீரையும் பெருமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டோமே!

நாம் முகம் வாடி நிற்பதைக் கண்டு மோட்டார் இளைஞர் விஷயம் என்னவென்று விசாரித்தார். சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். என் பாட்டனாரும் இங்கிலீஷ்காரர் முகாமில் மூட்டை தூக்கியவர்தான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே! கணக்கெழுத உட்கார்ந்தால் பற்று வராதவர் யார்?" என்றார்.

அவர் சொன்னது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க வேறொன்று தெளிவாயிற்று. கசப்பு பிறப்பது ஒருதலைப்பட்சமான தராசினால் என்று தின்ஷவாயில் தெரிந்துகொண்டோம். அந்தக் கசப்பு கொலையாக மாறும்போது, "எல்லாத் தீமையும் அவர்கள் பக்கம், எல்லாத் துன்பமும் நம் பக்கம்" என்ற இன்னொரு தராசை நாமே செய்து தூக்கிக்கொள்கிறோம். வர்தானி தூக்கியதும் அதுதான். அதுவும் கோணல் தராசே. பிறர் தராசைச் சரி செய்யச் சொல்லும் உரிமை நமக்கு நிச்சயமாக உண்டு. ஆனால் நம் கையிலுள்ளதில் நம்மையும் ஏற்றி நிறுத்துப் பார்த்தபின் சொன்னால்தான் அந்த வார்த்தைக்கு வலு.

மீண்டும் தின்ஷவாய்க்குப் போக நமக்கு நாளில்லை. மறு நாள் காலையில் விமானம். அன்று இரவு ஹோட்டலில் உட்கார்ந்து, பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதி, மோட்டார் இளைஞரிடம் கொடுத்து, அரபியில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டோம். தெல்-எல்-கபீருக்கு வந்தவர்களில் எங்கள் ஊரார்களும் இருந்தார்கள் என்பதைத் தவிர அதில் அதிகமாக ஒன்றும் இல்லை. தேநீருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றவருக்கு நாம் கொடுக்க வேண்டியிருந்தது அந்த ஒரு செய்திதான்.